உங்கள் பாக்கெட்டுக்கு ஒரு பார்கோடு: குமரி மாவட்டத்துப் புதுத் தொழில்காரர்களுக்கு

வீட்டுப் பின்புறம் அடுப்பு போட்டு ஏத்தங்காய் சிப்ஸ் வறுப்பவர், முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் பாக்கெட் செய்பவர், மார்த்தாண்டம் பக்கம் தேன் பாட்டில் அடைப்பவர், எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பக்கத்துச் சாயக்கடையும் பெட்டிக்கடையும் சரக்கை அப்படியே வாங்கிக்கொள்ளும். நாகர்கோவிலிலோ களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரையிலோ ஒரு சூப்பர் மார்க்கெட்டில் போய் நின்றால், சுவைத்துப் பார்க்கும் முன்பே "பார்கோடு இருக்கா?" என்பார்கள்.

இருக்கிறது என்று சொல்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கூடவே கொஞ்சம் வரலாறும் வரும். அது சும்மா அலங்காரத்துக்கு அல்ல; அச்சடிக்கும்போது எதைச் செய்யக் கூடாது என்பது அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

அந்தக் கோடுகளுக்குள் என்ன இருக்கிறது

ஒரே ஒரு எண். அவ்வளவுதான். விலை இல்லை, எடை இல்லை, காலாவதி தேதி இல்லை, உங்கள் பெயர்கூட இல்லை. ஸ்கேனர் அந்த எண்ணைப் படித்துக் கணினிக்குக் கொடுக்கிறது. "இந்த எண் என்றால் இந்தச் சிப்ஸ், 200 கிராம், இன்ன விலை" என்பதெல்லாம் கடைக்காரரின் கணினியில் அவர் ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பது. அவர் பதியாவிட்டால் உங்கள் பார்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் "பொருள் இல்லை" என்றுதான் திரையில் வரும். இது பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது.

இந்தியச் சில்லறைப் பொருள்களில் இருப்பது இஏஎன்-13 என்ற வகை. 13 இலக்கம். பெரும்பாலும் 890 என்று தொடங்கும். அதன்பின் உங்கள் நிறுவனத்துக்கான எண், அப்புறம் நீங்களே பொருளுக்குப் பொருள் கொடுக்கும் எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். 100 பொருளுக்கு எண் வாங்கினால் பொருளுக்கென்று 2 இலக்கமும், 1,000 பொருளுக்கு வாங்கினால் 3 இலக்கமும் உங்கள் கையில் இருக்கும்.

890 இருந்தால் இந்தியத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி சரியல்ல. அந்த எண்ணை இந்திய அமைப்பு வழங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். இந்திய நிறுவனம் வெளிநாட்டில் செய்து வாங்கி விற்றாலும் 890 தான்.

கடைசி இலக்கத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 890123456789 என்ற பன்னிரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை 8, 0, 2, 4, 6, 8. கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் 9, 1, 3, 5, 7, 9. கூட்டினால் 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் சரிபார்ப்பு இலக்கம். இங்கே குறைவே இல்லை, எனவே 0. கையால் எண்ணை அடிக்கும்போது ஏதாவது ஒரு இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 1, 6 போல இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சரியாக 5 என்றால் மட்டும் தப்பிவிடும்.

பார்கோடு எதுவெல்லாம் அல்ல

பார்கோடு என்பது அரசு அனுமதியும் இல்லை, தரச் சான்றும் இல்லை. உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவும் அதன் 14 இலக்க எண்ணும் தனி. தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, எம்ஆர்பி, தேதி, புகார் சொல்ல ஒரு தொடர்பு இவையெல்லாம் பாக்கெட்டில் கட்டாயம். உள்ளூரில் விற்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பார்கோடு அப்படிக் கட்டாயம் இல்லை. ஒரு பொருள் இன்ன ஊருக்கே உரியது என்று காட்டும் புவிசார் குறியீடும் வேறு. மார்த்தாண்டம் தேனுக்கும் மட்டி வாழைக்கும் குமரிக் கிராம்புக்கும் அந்தக் குறியீடு கிடைத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஆகவே திங்கள்சந்தையிலும் கருங்கலிலும் நாலு கடைக்கு மட்டும் சரக்குப் போடுகிறவர் என்றால் இப்போதைக்குப் பார்கோடு வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல சீலிங் மெஷின் வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட், ஆன்லைன், ஏற்றுமதி இந்த மூன்றில் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அடுத்த படிக்கு வரலாம்.

எண் வாங்குவது

இந்தியாவில் 890 எண்களை வழங்குவது ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு. அதன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், யாரும் டெல்லிக்குப் போக வேண்டாம். பான், ஜிஎஸ்டி இருந்தால் அதன் சான்று, ரத்து செய்த காசோலை, வணிகம் உங்கள் பெயரில் இருப்பதற்கான ஆவணம் இவற்றை ஸ்கேன் செய்து தயாராக வையுங்கள். எத்தனை எண் வேண்டும், எத்தனை ஆண்டுச் சந்தா, உங்கள் விற்றுமுதல் எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும்.

எத்தனை எண் வேண்டும் என்று கணக்கிடும்போது பலரும் குறைத்து எண்ணிவிடுகிறார்கள். பொருளுக்கு ஒரு எண் அல்ல. விற்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு எண். ஏத்தங்காய் சிப்ஸ் 100 கிராம், 200 கிராம், 500 கிராம் என்றால் மூன்று எண். காரம் போட்டது தனி என்றால் அதற்கும் மூன்று. மரச்சீனி சிப்ஸ், சர்க்கரை வரட்டி சேர்ந்தால் விறுவிறுவென்று ஏறிவிடும். 200 கிராமை 180 கிராமாகக் குறைத்தாலும் புது எண் வேண்டும். விலை ஏறியதற்காக நம் ஊரில் பொதுவாக எண்ணை மாற்றுவதில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு எம்ஆர்பி இருந்தால் எது என்று பில் மென்பொருளே கேட்கும்.

பழைய பொருளை நிறுத்திவிட்டீர்கள், அதன் எண் சும்மா கிடக்கிறது என்று புதுப் பொருளுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஏதோ ஒரு கடையின் கணினியில் அந்த எண் இன்னும் பழைய பெயரோடு உட்கார்ந்திருக்கும். நல்லமிளகுப் பாக்கெட்டை நீட்டினால் கறுவாப்பட்டை என்று பில் வரும். எந்த எண்ணை எந்தப் பொருளுக்கு, எந்த எடைக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எக்செல் என்றாலும் சரி, ஆனால் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு "வாழ்நாள் பார்கோடு" என்று விற்கிறார்கள். அவை வேறு யாருக்கோ எப்போதோ ஒதுக்கப்பட்ட எண்களை உடைத்து விற்பவை, அல்லது சும்மா கட்டிய எண்கள். உள்ளூர்க் கடையில் ஓடிவிடலாம். அமேசான் போன்ற தளங்கள் எண்ணை ஜிஎஸ்1 பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அங்கே உங்கள் பெயர் இல்லையென்றால் பொருள் ஏறாது. என் கருத்தில் இதில் மிச்சம் பிடிப்பது வீண். அமேசானில் மட்டும் விற்கப்போகிறீர்கள் என்றால் பார்கோடு எண் இல்லாமலே பட்டியலிட விலக்குக் கேட்கும் வழியும் உண்டு, அதை முதலில் பாருங்கள். குறு, சிறு தொழில்களுக்குப் பார்கோடு கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டங்களை மத்திய அரசு நடத்தி வந்திருக்கிறது. உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவுச் சான்றோடு நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் இப்போது என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடற்கரை மணலில் இழுத்த கோடுகள்

1948இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், டிரெக்சல் கல்லூரியில் ஒரு மளிகைக் கடைத்தொடரின் தலைவர் வந்து, பில் போடும் இடத்தில் பொருளின் விவரத்தைத் தானாகப் படிக்க ஒரு வழி கண்டுபிடித்துத் தாருங்கள் என்று டீனிடம் கேட்டார். டீன் மறுத்துவிட்டார். அந்தப் பேச்சு பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் நண்பர் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் வேலையை விட்டுவிட்டு மயாமி கடற்கரையில் தாத்தா வீட்டில் போய்த் தங்கி இதையே யோசித்துக்கொண்டிருந்தார். சாரணர் பயிற்சியில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகள் நினைவில் இருந்தன. மணலில் புள்ளியும் கோடுமாக வைத்தவர், விரல்களை அப்படியே தன்னை நோக்கி இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாயிற்று, கோடு தடித்த கோடாயிற்று.

1949இல் விண்ணப்பித்து 1952 அக்டோபர் 7இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அதைப் படிக்க 500 வாட் விளக்கு தேவைப்பட்டது. லேசரோ மலிவான கணினியோ அப்போது இல்லை. காப்புரிமை 15,000 டாலருக்குக் கைமாறியது. சில்வர் 1963இலேயே, 38 வயதில் காலமானார். தன் யோசனை கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

இடையில் ரயில்வே முயன்றது. 1967இல் அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் நிறக் கோடுகள் ஒட்டி ஓரத்திலிருந்து படித்தார்கள். பட்டைகளில் அழுக்கு ஏறிப் படிப்பது தவறிப்போகவே, எழுபதுகளின் இறுதியில் கைவிட்டார்கள்.

அப்புறம் மளிகைத் துறை ஒரு பொதுக் குறியைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது ஆர்சிஏ நிறுவனம் முன்வைத்தது அம்புப் பலகை மாதிரி வட்ட வட்டமான குறி. உட்லண்டும் சில்வரும் காப்புரிமையில் காட்டிய வடிவம் அது. எந்தக் கோணத்திலும் படிக்கலாம் என்பது அதன் பலம். அச்சில் போட்டால் சிக்கல் வந்தது. காகிதம் ஓடும் திசையில் மை இழுபட்டு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டின. ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் நேர்க்கோடுகளுக்கு மாறினார். கோடு ஓடும் திசையிலேயே மை இழுபட்டால் கோடு சற்று நீளும், அவ்வளவுதான்; தடிமன் மாறாது. 1973 ஏப்ரல் 3இல் அந்த வடிவம் ஏற்கப்பட்டது. 1974 ஜூன் 26 காலை ஒஹையோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் பாக்கெட் முதல் பொருளாக ஸ்கேனரைக் கடந்தது. விலை 67 சென்ட்.

அமெரிக்க எண் 12 இலக்கம். பின்னர் ஐரோப்பியர்கள் ஓர் இலக்கம் கூட்டி 13 ஆக்கினார்கள், கோடுகளை ஒன்றுகூட அதிகமாக்காமல். உங்கள் பாக்கெட்டில் 8 மட்டும் கோடுகளுக்கு வெளியே இடது பக்கம் நிற்கிறதே, அதற்குத் தனிக் கோடு கிடையாது. அடுத்த ஆறு இலக்கங்கள் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக வரையலாம். எந்தெந்த இலக்கம் எந்த விதம் என்ற அந்த வரிசையை வைத்தே ஸ்கேனர் 8ஐக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும்போது

லாரர் செய்ததிலிருந்தே தொடங்கலாம். அச்சகத்தில் "ரோல் எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேளுங்கள். கோடுகள் அந்தத் திசையிலேயே நிற்க வேண்டும். பவுச் அச்சடிப்பவர்களுக்கு இது தெரியும். வடிவமைக்கும் பையனுக்குத் தெரியாமல் போகலாம்.

அளவு: சுற்றியுள்ள வெற்றிடத்தோடு சேர்த்து முழு அளவு 37.29 மி.மீ. அகலம், 25.93 மி.மீ. உயரம். 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதாவது ஏறத்தாழ 30க்கு 21 மி.மீ. அதற்குக் கீழே போகாதீர்கள். இடமில்லை என்று உயரத்தை வெட்டுவதும் கெடுதல், ஆனால் அதைவிடக் கெடுதல் இரு பக்க வெற்றிடத்தைத் தின்பது. கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனர் அறிவதே அந்த வெள்ளை ஓரத்தால்தான். அங்கே பூப்போட்ட பார்டரைக் கொண்டு வந்து இடிக்காதீர்கள்.

நிறம்தான் அதிகம் பேர் சறுக்கும் இடம். கடை ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிக்கின்றன. சிவப்பு ஒளிக்குச் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். எனவே வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டால் ஸ்கேனருக்கு வெறும் வெள்ளைக் காகிதம். காவி, செம்பழுப்பு நிறங்களும் அப்படியே, கருப்பட்டி லேபிள் செய்பவர்கள் எல்லோருக்கும் பிடித்த நிறம் அதுவாகப் போய்விட்டது. கறுப்பு, கருநீலம், அடர்பச்சை கோடுகளுக்கு நல்லது. பின்புலம் வெள்ளையோ மஞ்சளோ இருக்கலாம். சிப்ஸ் தெரியட்டும் என்று கண்ணாடிப் பவுச் போட்டால் கோடுகளுக்குக் கீழே வெள்ளைக் கட்டம் அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளி நிறப் பவுச்சிலும் அதையே செய்யுங்கள்.

தேன் பாட்டில் உருண்டை. அதில் கோடுகளை நிறுத்தி வைத்தால் இரு ஓரங்களும் வளைவுக்குள் மறைந்துவிடும். குறியைத் திருப்பி, கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி போடுங்கள். பவுச்சில் சீல் போடும் மடிப்பு மேலும், நடுவில் உப்பிக் கசங்கும் இடத்திலும் வேண்டாம். பின்புறம் கீழ்ப்பகுதி நல்லது. சில்லுக்கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் விற்பவருக்கு ஒட்டத் தட்டையான இடமே கிடையாது. ஒரு அட்டைத் துண்டில் அடித்து நூலில் கட்டித் தொங்கவிடலாம்.

அச்சடித்த பவுச்சுக்கு இன்னும் வசதி வரவில்லை, ஸ்டிக்கர்தான் என்றால் பிரிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ரிப்பன் இல்லாமல் சூட்டால் மட்டும் கறுக்கும் ஸ்டிக்கர் மலிவு. வெயில் பட்டால், எண்ணெய் பட்டால் மங்கிவிடும். சிப்ஸ் தொழிலில் எண்ணெய் படாத கை ஏது? ரிப்பன் போடும் பிரிண்டரே வாங்குங்கள். இரண்டு மழைக்காலமும் பெய்யும் மாவட்டம் இது, குரோமோ பேப்பர் என்ற பளபளப்பான காகித ஸ்டிக்கர் ஈரத்தில் ஊறிச் சுருளும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கொஞ்சம் விலை கூடினாலும் நிற்கும்.

பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி, என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. இஏஎன்-13இன் மிக மெல்லிய கோடு முழு அளவில் 0.33 மி.மீ. அதாவது 2.64 புள்ளி. பாதிப் புள்ளியைப் பிரிண்டரால் அடிக்க முடியாது. சில கோடுகளை 2 புள்ளியாகவும் சிலவற்றை 3 புள்ளியாகவும் அடித்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், ஸ்கேனர் திணறும். மென்பொருளில் மெல்லிய கோட்டுக்குச் சரியாக 3 புள்ளி என்று வையுங்கள். வெற்றிடத்தோடு சேர்த்து 42 மி.மீ. சொச்சம் அகலம் வரும். 300 டிபிஐ பிரிண்டரில் 4 புள்ளி வைத்தால் முழு அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஜேபெக் படமாக இறக்கி வேர்டில் ஒட்டி இழுத்துப் பெரிதாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சோதனையை போனில் செய்து திருப்திப்படாதீர்கள். போன் கேமரா மோசமான அச்சையும் எப்படியோ படித்துவிடும். முதல் நாலு பாக்கெட்டைத் தெரிந்த கடைக்கு எடுத்துப்போய், பில் போடும் இடத்து ஸ்கேனரில் சாதாரண வேகத்தில் காட்டச் சொல்லுங்கள். முதல் தடவையே பீப் சத்தம் வர வேண்டும். மூன்றாம் தடவை வந்தது என்றால் அது தோல்வி. கூட்ட நேரத்தில் உங்கள் பாக்கெட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

நீங்கள் கடைக்காரர் என்றால்

ஸ்கேனர் ஒரு சின்ன விசைப்பலகை, அவ்வளவுதான். யுஎஸ்பியில் செருகி, நோட்பேடைத் திறந்து ஒரு சோப்புக் கட்டியைக் காட்டுங்கள். 13 இலக்கம் வந்து கர்சர் அடுத்த வரிக்குப் போனால் ஸ்கேனர் நலம். அப்புறம் பில்லில் வரும் சிக்கல் எல்லாம் மென்பொருளில்தான்.

கடையிலேயே கட்டும் அரிசி, பயறு, மசாலாவுக்கு யாரிடமும் எண் வாங்க வேண்டாம். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடையின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. எடைத் தராசு அடிக்கும் லேபிளில் எடையையே எண்ணுக்குள் வைக்கலாம். 2100012012508 என்பதில் 21 கடையின் அடையாளம், 00012 பொருள், 01250 என்பது 1.250 கிலோ, 8 சரிபார்ப்பு இலக்கம். எந்த இலக்கம் எதற்கு என்பதைக் கடைக்காரரே தீர்மானித்துத் தராசிலும் பில் மென்பொருளிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். இந்த எண் உங்கள் கடை வாசலைத் தாண்டினால் செல்லாது. பக்கத்துக் கடையில் அதே எண் வேறு எதுவாகவும் இருக்கலாம்.

புதிதாக ஸ்கேனர் வாங்குபவர்கள் லேசர் வகையை விட்டுவிட்டுக் கேமரா வகையை எடுங்கள். அதுதான் கியூஆரையும் படிக்கும். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹராவின் குழு வாகன உதிரிபாகங்களுக்காக உருவாக்கிய குறி அது. இன்று சாயக்கடைத் தூணில் பணம் வாங்க ஒட்டியிருப்பதும், ரேஷன் ஸ்மார்ட் கார்டில் இருப்பதும் அதே குறிதான். 2027 இறுதிக்குள் உலகெங்கும் கடை ஸ்கேனர்கள் கோட்டுக் குறியோடு இத்தகைய கட்டக் குறியையும் படிக்க வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது. அதில் காலாவதி தேதியையும் தொகுதி எண்ணையும் உள்ளேயே வைக்க முடியும். அதற்காக இப்போதே பாக்கெட்டில் கோடுகளை எடுத்துவிட வேண்டாம். பணம் வாங்கும் கியூஆரைப் பாக்கெட்டின் பின்னால் அடித்துவிட்டு அதையே பார்கோடு என்று கடைக்காரரிடம் நீட்டுவதும் வேண்டாம்.

அட்டைப்பெட்டி

சூப்பர் மார்க்கெட் கிடங்குக்கு 24 பாக்கெட் கொண்ட பெட்டியாக அனுப்பினால் பெட்டிக்கும் ஒரு எண் கேட்பார்கள். உள்ளே இருக்கும் பாக்கெட்டின் எண்ணையே பெட்டிமேல் ஒட்டினால் கிடங்குக்காரர் 24க்குப் பதில் 1 என்று வரவு வைத்துவிடுவார். பெட்டிக்கு 14 இலக்கம். பாக்கெட் எண்ணின் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு, முன்னால் 1 முதல் 8 வரை ஒன்றைச் சேர்த்து, சரிபார்ப்பு இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். இம்முறை மூன்றால் பெருக்குவது ஒற்றைப்படை இடங்களை. ஐடிஎஃப்-14 என்ற தடித்த குறியாக, சுற்றிலும் கறுப்புச் சட்டத்தோடு அடிப்பார்கள். நெளி அட்டையின் சொரசொரப்பில் அது தாங்கும். பெட்டியின் பக்கவாட்டில், ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். மேல் மூடியில் ஒட்டினால் அதன்மேல் அடுத்த பெட்டி உட்கார்ந்துவிடும்.